இப்படம் யாருடையது? யப்பானிய அச்சோவியர் கவாசே ஹசுயி

என்னிடம் முன்னொருகாற் கற்ற மாணாக்கர் ஒருவர், தொழில் நிமித்தம் யப்பான் சென்று மீண்டபொழுது என்னைக் காண வந்தார். வெறுங்கையோடு வரலாகாது என்று எண்ணினார் போலும். கனத்த படத்தொகுதி ஒன்றை என் மேசைமேல் வைத்தார். யான் ஓவியம் பயின்றவன் அல்லேன். இலக்கணமும் இலக்கியமுங் கற்பித்துக் காலங் கழிப்பவன். தொகுதியைப் புரட்டிப் பார்த்து, இரண்டொரு நல்ல சொற் சொல்லி அவரை அனுப்பிவிடலாம் என்றே கருதினேன். ஆயின் நடுவில் ஓரிடத்தில் என் கை நின்றுவிட்டது.

செந்நிறம் பூசிய பெருவாயில் ஒன்று. அதன் முன்னே வெண்பனி பொழிகின்றது. பொழிகின்றது என்பதும் பொருந்தாது. காற்றினால் அடிபட்டுச் சாய்ந்து வீசுகின்றது. பக்கத்தில் நிற்கும் பைன் மரத்தின் கிளைகள் பனியைச் சுமந்து தாழ்ந்துள்ளன. ஒரு பெண், குடையைக் காற்றுக்கு எதிரே சாய்த்துப் பிடித்தவாறு, உடலைக் குறுக்கி நடக்கின்றாள். அவள் முகங் குடைக்குள் மறைந்திருக்கின்றது. நாம் பனி என்று வழங்குவது புல்நுனியில் அரும்பும் நீர்த்துளியை. வானிலிருந்து பஞ்சுபோல் இறங்கும் இப்பனியை யான் கண்ணாற் கண்டறியேன். எனினும் அப்பெண்ணின் விரல்கள் விறைத்துப்போவதை என் விரல்களில் உணர்ந்தேன். படத்தின் பெயர் 'சிபாவிலுள்ள சோஜோஜி'. சோஜோஜி என்பது தோக்கியோ நகரிலுள்ள ஒரு பௌத்த ஆலயம். படம் வெளிவந்த ஆண்டு 1925.

"இதனை ஆக்கியவர் யார்?" என்று வினாவினேன்.

மாணாக்கர் முறுவலித்தார். "கவாசே ஹசுயி என்பார்கள். ஆனால் ஐயா, படத்தைக் கீறியவர்தான் ஹசுயி. மரத்திற் செதுக்கியவர் வேறொருவர். வண்ணம் இட்டுத் தாளில் ஒற்றியவர் மற்றொருவர். இவர்களையெல்லாங் கூட்டிவைத்துப் பொருள் கொடுத்து வெளியிட்டவர் இன்னுமொருவர். அப்படியானால் இப்படம் யாருடையது?"

விடை தெரியாத வினாவை மாணாக்கர் வினாவும்போது ஆசிரியர் செய்வதையே யானுஞ் செய்தேன். "நாளை பார்ப்போம்" என்றேன். அந்த 'நாளை' வருவதற்கு நெடுங்காலஞ் சென்றது. இதற்கிடையில் ஹசுயியைப் பற்றிக் கிடைத்தவற்றையெல்லாம் படித்தேன். மாணாக்கருக்குக் கடனாக நின்ற விடையை இங்கே எழுதுகின்றேன்.

இவ்வகைப் படம் உருவாகும் முறையை முதலில் அறிந்துகொள்ளுதல் வேண்டும். ஓவியர் தாம் எண்ணிய காட்சியை வண்ணத்தில் தீட்டுகின்றார். பின்னர் அதன் கோடுகளை மாத்திரம் மெல்லிய தாளொன்றில் எழுதுகின்றனர். செதுக்குவோர் அத்தாளை முகங்குப்புற மரப்பலகையில் ஒட்டிக் கோடுகள் மேலே நிற்கும்படி ஏனைய பகுதியை அகழ்ந்துவிடுகின்றார். பலகை மலைச்செரி என்னும் மரத்தினாலாயது. இறுகிய நாருடையதாதலின் மயிரிழை போன்ற கோடும் அதில் உடையாது நிற்கும். இங்கே கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. செதுக்குளி அத்தாளையும் ஊடறுத்தே செல்கின்றது. செதுக்கி முடிந்ததும் எழுதிய தாள் எஞ்சுவதில்லை. அச்சுக்கு வழிவிட்டு மூலம் அழிந்துபோகின்றது!

இக்கோட்டுப் பலகையிலிருந்து சில படிகளை எடுத்து, எவ்வெவ்விடத்தில் எவ்வெவ் வண்ணம் வரல் வேண்டுமென்று குறித்துக்கொள்வர். அதன்பின் ஒவ்வொரு வண்ணத்துக்குந் தனித்தனியே பலகை செதுக்கப்படும். எல்லாப் பலகைகளிலும் ஒரு மூலையிலும் ஓரத்திலும் 'கெந்தோ' எனப்படும் வெட்டடையாளங்கள் உண்டு. தாளின் விளிம்பு அவற்றிற் பொருந்தினால் இருபது முறை அச்சிட்டாலும் ஒரு வண்ணம் மற்றொன்றின்மேற் பிசகாது விழும்.

அச்சிடுவோருடைய பணி இதனினும் நுண்ணியது. அங்கே பொறி எதுவும் இல்லை. முசுக்கட்டை இனத்து மரமொன்றின் பட்டையிலிருந்து செய்த தாளுக்குப் பசையுஞ் சீனக்காரமுங் கலந்து பூசி, அதனை ஈரமாக்கி வைத்துக்கொள்வார். பலகையில் வண்ணத்தையும் அரிசிப்பசையையும் இட்டுத் தூரிகையாற் பரப்பித் தாளைக் கவிழ்த்து, 'பாரென்' என்னும் வட்டமான கருவியினால் அதன் முதுகைத் தேய்ப்பார். மூங்கிலிழைக் கயிற்றைச் சுருளாகச் சுற்றி, மூங்கில் மடலாற் பொதிந்து கட்டியது பாரென். வானத்தின் உச்சியிற் கருநீலமாயிருப்பது அடிவானத்தை அணுகுந்தோறும் வெளிறிச் செல்வதனை இப்படங்களிற் காணலாம். அது பலகையிற் செதுக்கப்பட்டதன்று. பலகையின் ஒரு பகுதியை ஈரத்துணியாற் துடைத்துத் தூரிகையை இழுக்கும் அச்சிடுவோரது கைப்பழக்கம் அது. ஒவ்வொரு தாளுக்கும் அதனைப் புதிதாகச் செய்தல் வேண்டும். ஆதலினாற்றான் ஒரே படத்தின் இரண்டு படிகள் முற்றும் ஒத்திருப்பதில்லை.

1765 ஆம் ஆண்டளவிற் பலவண்ண அச்சு யப்பானில் நிலைபெற்றது. ஹொக்குசாயும் (1760 - 1849), ஹிரோசிகேயும் (1797 - 1858) நிலக்காட்சிகளை வரைந்து இக்கலையை உச்சியில் ஏற்றினர். அவர் காலத்துக்குப்பின் ஒளிப்படமுங் கல்லச்சும் வந்தன. மக்கள் அவற்றை நாடினர். செதுக்குவோருக்கும் அச்சிடுவோருக்கும் வேலை குறைந்தது. பழைய படங்களை மேலைத்தேயத்தார் விலைகொடுத்து வாங்கிச் சென்றனர், புதியன தோன்றவில்லை. இந்நிலையிலேதான் ஹசுயி பிறந்தார்.

பிறந்தது 1883 ஆம் ஆண்டு மே மாதம் 18 ஆந் திகதி, தோக்கியோவின் சிபாப் பகுதியில். முற்கூறிய செவ்வாயில் நிற்பதும் அதே சிபாவிலேதான். பெற்றோர் இட்ட பெயர் புஞ்சிரோ. நூலும் பின்னற் கயிறும் விற்கும் வாணிகக் குடும்பம். தாய்வழி மாமன் கனகாகி ரொபுன் நகைச்சுவை எழுத்தாற் பெயர்பெற்றவர். மாமனுடைய கலையுணர்ச்சி மருமகனுக்கு வந்ததோ என்னவோ, இளமையிலேயே படங் கீறுவதில் வேட்கையுண்டாயிற்று. ஆயின் மூத்த மகன் கடையைப் பார்த்தல் வேண்டும் என்பது வீட்டார் கருத்து. இருபத்தைந்து வயது கடந்த பின்னரே அவர் ஓவியத்தை முழுத்தொழிலாகக் கொள்ள முடிந்தது.

கபுராகி கியோகாத்தா என்னும் பெயர்பெற்ற ஓவியரிடஞ் சென்று, மாணாக்கனாக ஏற்கும்படி வேண்டினார். யப்பானிய ஓவியத்தைப் புதிதாகத் தொடங்குவதற்கு வயது மிஞ்சிவிட்டதென்று கூறிய கியோகாத்தா, மேனாட்டு முறை ஓவியத்தைக் கற்குமாறு அனுப்பிவிட்டார். ஒருவனுக்கு 'நேரங் கடந்துவிட்டது' என்று சொல்லும் ஆசிரியர் எந்நாட்டிலும் உளர். யானுஞ் சிலரிடம் அப்படிச் சொல்லியிருக்கிறேன் என்பதை இங்கே நினைத்துக்கொண்டேன். ஹசுயி மனமுடையவில்லை. ஒக்கதா சபுரோசுகே முதலியோரிடம் மேனாட்டு முறையைப் பயின்று, ஈராண்டளவிற்குப் பின் மீண்டுங் கியோகாத்தாவின் வாயிலிலே வந்து நின்றார். இம்முறை ஆசிரியர் ஏற்றுக்கொண்டதோடு 'ஹசுயி' என்னும் புனைபெயரையுஞ் சூட்டினார். அப்பெயரின் முதலெழுத்துச் சுழியைக் குறிப்பது. இரண்டாவது நீரைக் குறிப்பது. மழையும் ஆறும் பனியுமாகவே வரையப்போகின்ற ஒருவருக்கு இதனைவிடப் பொருத்தமான பெயர் வாய்த்திருக்க முடியாது.

இத்தோ சின்சுயி என்பவர் ஹசுயியோடு கியோகாத்தாவிடம் பயின்றவர். வயதில் அவருக்குப் பதினைந்து ஆண்டு இளையவர். அவர் பீவா ஏரியின் எட்டுக் காட்சிகளை அச்சோவியமாக வெளியிட்டார். 1918 ஆம் ஆண்டில் அவற்றைக் கண்ட ஹசுயிக்குத் தாஞ் செல்லவேண்டிய வழி எதுவென்பது துலங்கிற்று. இளையவனிடம் வழி கற்பதற்கு அவர் நாணவில்லை. அப்படங்களை வெளியிட்ட வத்தனாபே சோசாபுரோவிடஞ் சென்றார்.

வத்தனாபேயைப் பற்றி இரண்டொரு சொல் கூறுதல் வேண்டும். அவர் ஓவியர் அல்லர், வணிகர். பழைய அச்சோவியங்களை வெளிநாட்டாருக்கு விற்கும் தொழிலிற் பழகியவர். விற்கப் பழையது எந்நாளும் இராது என்பதையும், செதுக்குவோரும் அச்சிடுவோரும் ஒரு தலைமுறை வேலையின்றி இருந்தால் அவர் கைத்திறன் மீளாது என்பதையும் உணர்ந்தார். எனவே புதிய ஓவியரையும் பழைய தொழிலாளரையும் ஒன்றுகூட்டி 1915 ஆம் ஆண்டிலிருந்து புதுப்படங்களை வெளியிடலானார். அதற்கு 'சின் ஹங்கா', அஃதாவது 'புதிய அச்சோவியம்', என்று பெயராயிற்று. ஹசுயி தமக்கு இளமையிலே பழக்கமான சியோபாரா என்னும் மலைப்புறத்தை வரைந்து அவரிடங் கொடுத்தார். 1918 இல் மூன்று படங்கள் வெளிவந்தன. அப்பொழுது ஹசுயிக்கு வயது முப்பத்தைந்து. அன்று தொடங்கிய உறவு ஹசுயியின் இறுதிவரை நீடித்தது. அவர் ஆக்கிய 600க்கு மேற்பட்ட படங்களுட் பெரும்பாலானவற்றை வெளியிட்டவர் வத்தனாபேயே.

இனி அப்படங்கள் எத்தகையன? பெரும் நிகழ்ச்சிகள் அவற்றில் இல்லை. வீரர் இல்லை, அழகியரும் அருகியே வருவர். ஓர் ஊரின் கால்வாய், கோயிற் படிகள், மீனவர் குடிசை, அணைந்தும் அணையாததுமாகிய சாளர விளக்கு, ஆளில்லாத் தெரு. மனிதர் வந்தாலும் நமக்கு முதுகு காட்டியே போவர். தமிழ் கற்றவன் என் பழக்கத்தால் இவற்றைத் திணையிலக்கணம் கொண்டே பார்க்க முற்பட்டேன். நிலமும் பொழுதும் முதற்பொருள் என்பர் தொல்காப்பியர். ஹசுயி தீட்டியது முதற்பொருளையே. அதனினும் நிலத்தைவிடப் பொழுதையே அவர் பெரிதும் வரைந்தார் என்பது என் துணிபு. இன்ன ஊர் என்பதை மறந்துவிட்டாலும், இது மழை விட்ட மாலை, இது யாமம், இது விடியற்கு முந்திய சாமம் என்பதில் ஐயம் உண்டாவதில்லை. உரிப்பொருளை மாத்திரம் அவர் எழுதாமல் விட்டார். பிரிவோ இரங்கலோ இருத்தலோ, அது காண்பவன் கொண்டுவந்து வைக்கவேண்டியது.

அவர் ஊரூராகச் சென்றே வரைந்தார். பகலிற் சிறு குறிப்பேட்டிற் காட்சியைக் கீறிக்கொள்வார். விடுதிக்கு மீண்டு வண்ணந் தீட்டுவார். நகருக்குத் திரும்பியதும் வத்தனாபேயோடு அமர்ந்து, எதனை அச்சோவியமாக்குவது என்று தேர்வர். அக்குறிப்பேடுகளே அவருடைய முதல். பிற வாணிகர்க்குப் பொன்னும் நெல்லும் போன்றன அவருக்கு அவை.

1923 ஆம் ஆண்டு செப்தெம்பர் முதலாந் திகதி நண்பகலுக்கு இரண்டு நிமிடம் இருக்கையில் தோக்கியோவும் யோக்ககாமாவும் நடுங்கின. வீடுகளில் நண்பகல் உணவுக்கு அடுப்பெரிந்துகொண்டிருந்த வேளை அது. மரத்தாலான வீடுகள், வீசிய காற்றோ கடியது. நிலநடுக்கத்தைவிடத் தீயே மிகுதியானோரைக் கொன்றது. ஓரிலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் மாண்டனர். வத்தனாபேயின் கடை எரிந்தது. அங்கிருந்த படங்களுடன், செதுக்கி அடுக்கியிருந்த பலகைகளுஞ் சாம்பராயின. ஹசுயியின் வீடும் எரிந்தது. 188 குறிப்பேடுகள் அதனோடு போயின.

நூற்றெண்பத்தெட்டு! அந்த எண்ணைப் படித்தபின் யான் சிறிது நேரம் மேலே படிக்கவில்லை. ஏடு எரிந்த துயரம் இன்னதென்று நம்மவர்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. வீட்டை மீளக் கட்டலாம். ஓர் ஊரின் ஒரு மாலைப்பொழுதை அன்று நின்று பார்த்து எழுதிய குறிப்பை எங்கே போய்த் தேடுவது? அந்த மாலை மீண்டும் வராதே.

ஹசுயிக்கு அப்பொழுது வயது நாற்பது. கையில் ஒன்றுமில்லை. வத்தனாபேக்கும் ஒன்றுமில்லை. இங்கேதான் அவ்வணிகரின் பெருமை விளங்குகின்றது. எரிந்ததை எண்ணி இருக்கவேண்டாம், புறப்பட்டுப் போய் வரையும் என்று ஹசுயியை ஊக்கி அனுப்பினார். நிலநடுக்கம் நிகழ்ந்த சில வாரங்களிலேயே ஹசுயி புறப்பட்டார். யப்பானின் மேற்குக் கரைப்பகுதிகளிலும் தெற்கே சிக்கோக்குத் தீவிலும் 102 நாள் அலைந்தார். அவர் வாழ்நாளில் மேற்கொண்ட பயணங்களுள் மிக நெடியது அதுவே. குறிப்பேடுகள் மீண்டும் நிறையலாயின. இழந்தவற்றை நினைவிலிருந்து மீட்டெழுத முற்படாமல், காணாதவற்றைக் காணப் போனார் என்பது என் நெஞ்சைத் தொட்ட செய்தி.

இதன்பின் இரண்டாண்டிற்குள் வெளிவந்ததே சோஜோஜிப் படம். அந்தப் பெருவாயில் நிலநடுக்கத்தினின்றுந் தப்பி நின்றது. நகரம் அழிந்த பின்னும் நின்ற வாயிலையும், அதன் முன்னே காற்றுக்கு வளைந்து கொடாமல் நடக்கும் ஒருத்தியையும் 1925 ஆம் ஆண்டில் தோக்கியோ மாந்தர் கண்டபோது யாது நினைத்திருப்பர்? அவருடைய படங்களுள் மிகப் பலர் வாங்கியது அதுவே. அது 'தோக்கியோவின் இருபது காட்சிகள்' என்னும் வரிசையைச் சேர்ந்தது. அவ்வரிசையிலேயே 'புதிய பெரும்பாலம்' என்பது மழையிரவொன்றைக் காட்டுகின்றது. இரும்புப் பாலத்தின்மேல் விளக்கொளி நீராய் ஓடுகின்றது. ரிக்‌ஷா இழுப்பவன் ஒருவன் அதனூடே போகின்றான். 1930 இல் வந்த 'மாகோமேயில் நிலவு' என்பதிலோ நெடிய பைன் மரங்களின் பின்னே முழுமதி நிற்க, கீழே உழவர் வீடொன்றில் ஒரே ஒரு சாளரம் மஞ்சளாய் ஒளிர்கின்றது. அந்தச் சாளரத்துள் யார் விழித்திருக்கிறார் என்று பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன்.

நிலநடுக்கத்துக்குப் பிந்திய படங்களில் வண்ணம் மிகுந்துவிட்டது, அமெரிக்க வாங்குவோர்க்கு உவப்பாக வத்தனாபே அப்படிச் செய்வித்தார் என்று குறைகூறுவார் உளர். அது முழுதும் பொய்யன்று. தீக்கு முந்திய படங்களிலுள்ள அடக்கமும், அச்சிடுவோரின் பாரென் தேய்த்த தடத்தை மறைக்காது விட்ட துணிவும் பின்னாளிற் குறைந்தன. சில படங்கள் விருந்தினர்க்கு விற்கும் அஞ்சலட்டைபோல் இனித்துக் கிடக்கின்றன. ஒரே வகை நிலவையும் ஒரே வகைப் பனியையும் அவர் திரும்பத் திரும்ப எழுதினார் என்பதும் மறுத்தற்கரியது. 600 படம் ஆக்கியவரிடத்தில் அறுநூறுஞ் சிறந்தன என்று வாதிடுதல் அன்பின் பாற்படுமேயன்றி ஆராய்ச்சியின் பாற்படாது.

எனினும் மேலைத்தேயத்தில் அவரை வாழவைத்தன அப்படங்களே. அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்திலுள்ள தொலீடோ ஓவியக்கூடத்தில் 1930 இலும் 1936 இலும் புதிய அச்சோவியங்களுக்குப் பெருங்காட்சிகள் நடந்தன. ஹசுயியின் படங்கள் அங்கே பலரை ஈர்த்தன. இரொபட் மல்லர் என்னும் அமெரிக்க மாணவர் 1931 இல் முதன்முதலாக வாங்கிய அச்சோவியம் ஹசுயியின் 'கியோசுப் பாலம்'. நிலநடுக்கத்தின் பின் நகரை மீளக் கட்டியபோது 1928 இல் முடிந்த பாலம் அது. இரவின் நீலத்தில் தொலைவிலே தெரிகின்றது. அம்மாணவர் பின்னாளில் 4000க்கு மேற்பட்ட படங்களைச் சேர்த்து வைத்து 2003 இல் மறைந்தார். அவருடைய தொகுதி இப்பொழுது வாசிங்டனிலுள்ள சிமித்சோனியன் நிறுவனத்தில் இருக்கின்றது. ஆப்பிள் கணினியைத் தந்த ஸ்டீவ் ஜொப்ஸும் ஹசுயியின் படங்களைத் தேடி வாங்கியவர்களுள் ஒருவர்.

மாணாக்கரின் வினாவுக்கு வருவோம். அவ்வினா அவருடைய கண்டுபிடிப்பன்று. யப்பானிலேயே வலுவாக எழுந்த வினா. ஹசுயிக்கு ஓராண்டு மூத்தவரான யமமோத்தோ கனாயே என்பவர் 1904 இல் 'மீனவன்' என்னும் படத்தை ஆக்கினார். தாமே கீறினார்; தாமே செதுக்கினார்; தாமே அச்சிட்டார். அவர் வழிவந்தோர் அதுவே கலையென்றும், பலர் கூடிச் செய்வது தொழிற்சாலைப் பண்டமென்றும் முழங்கினர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் உலகமும் அவர்கள் பக்கமே சாய்ந்தது. 1951 இல் பிரேசிலின் சாவோ பாவுலோவில் நடந்த பன்னாட்டுக் கண்காட்சியிற் பரிசு பெற்ற சைத்தோ கியோசியும், 1956 இல் வெனிசில் அச்சோவியத்துக்கான பெரும்பரிசு பெற்ற முனகாத்தா சிக்கோவும் தங்கையாலேயே எல்லாஞ் செய்தவர்கள். அந்நாளில் ஹசுயி எழுபது வயதைக் கடந்த முதியவர். வட்டக் கண்ணாடியணிந்து, குறிப்பேட்டுடன் இன்னும் ஊரூராகப் போய்க்கொண்டிருந்தார். போர்க்காலத்திற் சியோபாராவில் ஒதுங்கி வாழ்ந்து, மீண்டுந் தோக்கியோ வந்திருந்தார்.

தனியொருவர் கையாற் பிறப்பதே கலை என்னும் கொள்கையை யானும் ஒருகால் ஐயமின்றி நம்பினேன். புலவன் ஒருவன், பாட்டு ஒன்று என்று கற்பித்துப் பழகியவனுக்கு வேறு எண்ணம் வருதல் அரிது. ஆனால் ஒரு கோயிற் றேரைப் பார்த்து இது எந்தத் தச்சன் செய்தது என்று நாம் வினாவுவதில்லை. ஹசுயியின் படத்தில் வானம் வெளிறும் இடத்தை மீண்டும் நோக்கினேன். அந்த வெளிறலை வேண்டியவர் ஹசுயி. ஈரத்துணியாற் செய்தவர் அச்சிடுவோர். வேண்டல் இன்றேல் செயல் இல்லை. செயல் இன்றேல் வேண்டல் வெறுங் கனவு. வெண்பனியின் சிறு பொட்டுகள் பலவற்றைத் தாளின் சொந்த வெண்மையாகவே விட்டுவைத்துச் சுற்றிலும் அகழ்ந்த செதுக்குவோரது பொறுமையை எண்ணும்போது, அவர் பெயரைப் பெரும்பாலான படங்களிற் காணமுடியாமை எனக்கு வருத்தந் தருகின்றது. அக்குறை படத்தின் குறையன்று; பெயர் எழுதும் வழக்கத்தின் குறை.

யப்பானிய அரசின் பண்பாட்டுச் செல்வப் பாதுகாப்புக் குழுவினர் இதனை உணர்ந்தனர் போலும். பழைய அச்சுமுறை மறைந்துவிடுமென்று அஞ்சிய அவர்கள், 1952 இல் ஒரு முடிவு செய்தனர். இரண்டு ஓவியர் ஆளுக்கொரு படங் கொடுத்தல் வேண்டும். அது செதுக்கி அச்சேறி முடியும்வரை ஒவ்வொரு படியையுங் குறித்து ஆவணமாக்கி வைத்தல் வேண்டும். தேர்ந்தெடுக்கப்பட்ட இருவர் இத்தோ சின்சுயியும் கவாசே ஹசுயியும். முன்பு வழிகாட்டிய இளையவரும், அவரைக் கண்டு வழிதேர்ந்த மூத்தவரும்! ஹசுயி கொடுத்தது 'சோஜோஜியிற் பனி'. 1953 இல் முடிந்த அப்படத்திற் குடைபிடித்த மாந்தர் ட்றாம் வண்டிக்குக் காத்து நிற்கின்றனர். பின்னே அதே செவ்வாயில். அதனை அச்சிட ஒவ்வொரு தாளையும் 42 முறை ஒற்றவேண்டியிருந்தது. நாற்பத்திரண்டு முறையும் தாள் கெந்தோவிற் பொருந்தல் வேண்டும். ஒரு முறை பிசகினால் முன்செய்த அத்தனையும் வீண். நாடு போற்றி ஆவணமாக்கியது ஓவியரின் கையை மாத்திரமன்று; அவருக்குப் பின்னால் நின்ற கைகளையும்.

என் மாணாக்கருக்கு யான் சொல்லக்கூடிய விடை ஹசுயியின் இறுதிப் படத்தில் இருக்கின்றது. வடக்கே ஹிரைசுமி என்னும் ஊரில் 1124 ஆம் ஆண்டிற் கட்டப்பட்ட 'பொன்மண்டபம்' ஒன்று உண்டு. உள்ளும் புறமும் பொன்றகடு போர்த்த சிறு ஆலயம். மழையும் பனியும் அதனைத் தின்றுவிடாதபடி பிற்காலத்தார் அதன்மேல் மரத்தால் ஓர் உறைக்கட்டடம் எழுப்பினர். 1960களிற் புதிய கட்டடம் வரும்வரை, வெளியே நின்று பார்ப்பவருக்கு அந்தச் சாதாரண மரக்கட்டடமே தெரிந்தது. ஹசுயி அதனை வரைந்தார். வரைந்த நாளில் அவரை வயிற்றுப் புற்றுநோய் பற்றியிருந்தது. 1957 நவம்பரில் அவர் இறந்தார். அச்சுப்படம் அப்பொழுது முடிந்திருக்கவில்லை.

பெயர் தெரியாத அக்கைகள் அதனைச் செதுக்கின, வண்ணமிட்டு ஒற்றின. ஓவியரின்றியே படம் முடிந்தது. அவருடைய நினைவு நாளில் நண்பர்களுக்கு அதனைக் கொடுத்தனர்.

இப்பொழுதும் அந்தப் பக்கம் என் முன்னே விரிந்திருக்கின்றது. உயர்ந்த மரங்கள், எங்கும் வெண்பனி. கற்படிகளின் மேலே கருநிற மரக்கட்டடம். அதனுள்ளே இருக்கும் பொன் தெரியவில்லை. கீழே, அகன்ற தொப்பியணிந்த துறவி ஒருவர் நமக்கு முதுகு காட்டிப் படியேறுகின்றார்.